திட்டத்துக்கு முன்பே குணமான செவலை

முதலில் மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிலையத்தைப் பற்றி ஆரம்பித்தால் பிறகு மாட்டுக்கு இடம் கிடைக்காது.

குருபரப்பள்ளிக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருந்த திம்மராயனுக்கு இரண்டு எருதுகள். ஒன்று மயிலை, மற்றது செவலை. மயிலை வீட்டிலேயே பிறந்தது. செவலை, மாட்டு வியாபாரி பஷீர் அஹமது தளிப் பக்கத்திலிருந்து ஓட்டிவந்து கொடுத்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே நடை. ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏர் பூட்ட முடியாது. உழுதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதையில் பின்னால் வரப்போகிறவர்கள் யாரும் உழுதவர்கள் இல்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

1957ஆம் வருஷம் ஆனி மாதம் முதல் வாரம் ரோட்டுக்காரர்கள் வந்து மைல்கல்லுக்கும் பாலத்துக் கைப்பிடிக்கும் சாயம் பூசினார்கள். பூசி முடித்ததும் மிச்சச் சாயத்தை டப்பாவோடு பாலத்துக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஈயம் கலந்த சாயம் நாக்குக்குக் கொஞ்சம் தித்திக்குமாம். மேயப்போன செவலை ஒரு டப்பாவை அடிவரைக்கும் நக்கி, கடையில் வாங்கின புது டப்பா மாதிரி பளபளப்பாக்கி வைத்திருந்தது.

மூன்றாம் நாள் செவலை பல்லை நறநறவென்று கடித்தது. நான்காம் நாள் கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து, சுவர் விழாமல் தான்தான் தாங்குவதுபோல நின்றது. ஐந்தாம் நாள் இடப்பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தது. செக்கே இல்லாமல் செக்கு சுற்றுகிறது என்றாள் திம்மராயன் பெண்சாதி மங்கம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணகிரி மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். சாயத்தின் நஞ்சு மூளைக்கு ஏறியிருக்கிறது, தன்னிடம் மருந்து இல்லை, இதற்கென்றே சர்க்கார் உத்தனப்பள்ளிக்கு அப்பால் புதிதாக ஒரு நிலையம் திறந்திருக்கிறது, அங்கே ஓட்டிப்போ என்றார். அப்போது ஆடி பிறக்க மூன்று வாரம் இருந்தது. ஆடியில் ஏர் பூட்டி ராகி விதைக்காவிட்டால் அந்த வருஷம் திம்மராயன் வீட்டில் களி கிடையாது. ஆகவே ஓட்டிப்போனான். நேர்வழி பதினைந்து மைல் சொச்சம். செவலை நடந்தது நாற்பது மைலாவது இருக்கும், பாதிக்குமேல் வட்டத்தில்.

நிற்க.

நிலையத்தின் முழுப் பெயர், கால்நடை மூளைக் காப்பு ஊட்டுணவு ஆராய்ச்சி நிலையம். இந்தப் பெயர் கட்டடத்தின் அகலத்துக்கு அடங்கவில்லை. ஆதலால் ‘நிலையம்’ என்பதை மட்டும் வேறு பலகையில் எழுதிப் பக்கத்து வேப்பமரத்தில் அடித்திருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் அதற்கு மூளை ஆபீஸ் என்று பெயர்.

தொழிற்சாலை, ரோடு, லாரி முதலியவற்றால் உண்டாகும் நச்சுப் பொருள்கள் கால்நடைகளின் மூளையைக் கெடுக்கின்றன. தக்க உணவு கொடுத்தால் அந்த மூளையைக் காப்பாற்றலாம். அது எந்த உணவு என்று கண்டுபிடிப்பது நிலையத்தின் நோக்கம். நோக்கத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கண்காணிப்பாளர் ராஜப்பன், இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு டைப்பிஸ்ட், ஒரு நிரந்தரப் பெயிண்டர், தீனி வைக்க நாராயணம்மா என்று ஆறு பேர் இருந்தார்கள். செவலையைச் சேர்த்தால் மாடுகளும் ஆறு. ஆளுக்கொரு மாடு.

நிலையத்துக்கென்று படிவங்கள் இன்னும் அச்சாகி வரவில்லை. அதுவரைக்கும் பட்டணத்தில் மனிதர்களுக்கான மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு கட்டு வாங்கி உபயோகித்து வந்தார்கள். குமாஸ்தா ஒன்றை உருவிக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

நோயாளியின் தொழில் என்ன என்றார். ஏர் உழுவது என்றான் திம்மராயன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். திம்மராயன் சற்று யோசித்து, சின்ன வயசிலேயே காயடித்தாகிவிட்டது என்றான். குமாஸ்தா ‘விருப்பமில்லை’ என்று எழுதினார். யாரோ பேசுவதுபோல நோயாளியின் காதில் விழுகிறதா என்றார். நான் பேசினால் விழுகிறது என்றான். ‘ஆம்’ என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

தாய்மொழி என்ற இடம் வந்தது.

“தளிப் பக்கத்து மாடுங்க. கன்னடம்” என்றான் திம்மராயன்.

குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டார். முந்தின நவம்பரில்தான் ராஜ்யங்களுக்கு எல்லை பிரித்து, இந்தத் தாலுகா இந்தப் பக்கம், அந்தத் தாலுகா அந்தப் பக்கம் என்று முடிவாகி எல்லாரும் மூச்சு விட்டிருந்தார்கள். சர்க்கார் மாட்டுக் கொட்டகையில் கன்னடம் என்று தன் கையால் எழுதிக்கொடுத்து, மறுபடியும் ஒரு கமிஷன் வர வழி செய்ய அவருக்கு இஷ்டமில்லை. ‘ஊமை’ என்று எழுதினார்.

பிறகு திம்மராயனைக் கண்காணிப்பாளர் முன் நிறுத்தினார்கள். ராஜப்பன் நல்ல மனிதர். விஞ்ஞானத்தை ஏழைக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு.

“பாரப்பா, ஆறு மாட்டில் மூன்று ‘அ’ பிரிவு, மூன்று ‘ஆ’ பிரிவு. ‘அ’ பிரிவுக்கு மூளைக் காப்பு உணவு உண்டு. ‘ஆ’ பிரிவுக்குக் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் உணவின் மகிமை தெரியும். உன் மாடு ‘அ’ பிரிவு.”

திம்மராயன் கும்பிட்டான்.

“அந்த உணவு இன்னும் பட்டணத்திலிருந்து வரவில்லை” என்றார் ராஜப்பன். “வருகிற வரைக்கும் இரண்டு பிரிவுக்கும் வெறும் வைக்கோல்தான். பாரபட்சம் என்று ஒருத்தர் நம்மைச் சொல்ல முடியாது.”

அப்படியானால் மாடுகள் எப்படிப் பிழைத்திருந்தன என்று கேட்பீர்கள். கண்காணிப்பாளர் சவாரி போய்வர ஒரு குதிரை வண்டி அனுமதியாகியிருந்தது. வண்டி வரவில்லை. குதிரையும் வரவில்லை. குதிரைக்கான கொள்ளு மட்டும் மாதம் தவறாமல் மூட்டையாக வந்து இறங்கியது. வராத குதிரையின் கொள்ளை நாராயணம்மா ராத்திரி ஊறவைத்து, காலையில் அரைத்து, அரிசித் தவிடும் முருங்கைக்கீரையும் சேர்த்துப் பிசைந்து, ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் பாராமல் ஆறு மாட்டுக்கும் வைத்தாள். மூளைக்கு இது ஆகுமா என்று திம்மராயன் சந்தேகம் கேட்டதற்கு, “மூளைக்குன்னு தனியா ஒரு வாயா வெச்சிருக்குது மாடு? உள்ள போனா எல்லாத்துக்கும் போவும், போ” என்றாள்.

திம்மராயனிடம் அவள் சொல்லிக்கொண்ட ஒரே கஷ்டம் பெயிண்டர். மேலதிகாரி யார் வந்தாலும் அதற்கு முன்னால் நிலையத்துச் சொத்து எல்லாவற்றுக்கும் பச்சைச் சாயம் பூச வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. மாடு தின்னும் தொட்டியும் சொத்துதான். ஆகவே சாயத்தின் நஞ்சிலிருந்து மாட்டைக் காப்பாற்ற ஏற்பட்ட இடத்தில், மாடு வாய் வைக்கிற தொட்டிக்கு மாதம் ஒரு தடவை அதே சாயம் பூசப்பட்டது. மாடுகள் நக்கின. அதிகாரிகள் வந்து, நோய் குறையவில்லை என்று கண்டு, நிலையத்தின் அவசியத்தை மெச்சிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் நாராயணம்மா செம்மண்ணும் சாணியும் குழைத்துத் தொட்டிக்குள் ஒரு விரற்கடை கனத்துக்கு அப்பிவிடுவாள். அடுத்த அதிகாரி வரும்வரை மாடுகள் தேறும்.

செவலையின் அதிர்ஷ்டம், அது சேர்ந்து பத்தொன்பது நாள் ஒரு அதிகாரியும் வரவில்லை.

இருபதாம் நாள் திம்மராயன் போனபோது செவலை நேராக நின்றது. நேராக நடந்தது. பல்லைக் கடிக்கவில்லை. அவனைக் கண்டதும் கழுத்தை நீட்டித் தோளை நக்கியது. அவன் தலைக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே கண்காணிப்பாளரிடம் போய், மாடு தேறிவிட்டது, ஓட்டிப்போகிறேன், உங்கள் புண்ணியம் என்றான்.

ராஜப்பன் முகம் வெளுத்தது. கதவைச் சாத்தச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த பெரிய விளக்கப்படத்தின் முன் திம்மராயனை அழைத்துப் போனார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் நிலையத்தின் வேலை அதில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. முதல் வருஷம் கட்டடம். இரண்டாம் வருஷம் நாற்காலி மேஜைகளும் நோய்க்குறிகளைப் பதிவு செய்தலும். மூன்றாம் வருஷம் காப்பு உணவு. ‘குணத்தின் முதல் அறிகுறிகள்’ என்ற கட்டத்தில் 1959 அக்டோபர் என்று இருந்தது.

“இப்போது என்ன மாதம்?” என்றார் ராஜப்பன்.

“ஆனி கடைசிங்க.”

“வருஷம் ஐம்பத்தேழு. இன்னும் இரண்டு வருஷமும் சொச்சமும் இருக்கிறது. அதற்குள் உன் மாட்டுக்கு என்ன அவசரம்?” அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “காப்பு உணவே வரவில்லை. வராத உணவால் குணமானது என்று எழுதினால், பின்னே உணவு எதற்கு என்பார்கள். உணவு எதற்கு என்றால் அடுத்தபடி நிலையம் எதற்கு என்பார்கள். நிலையம் எதற்கு என்றால் ராஜப்பன் எதற்கு? ஒரு மாட்டுக்காக இத்தனை கேள்விகளா? நீயே சொல்.”

திம்மராயன், ஆடி பிறக்கப்போகிறது என்று மட்டும் சொன்னான். பிறக்கட்டும், ஆடியை நான் தடுக்கவில்லையே என்றார் ராஜப்பன். ஐம்பத்தொன்பதில் செவலைக்கு வயதாகிவிடுமே என்றான். அதையும் பதிவு செய்வோம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

கையை வீசிக்கொண்டு ஊர் திரும்பினவனைப் பஷீர் அஹமதுதான் பிடித்து நிறுத்தினார். ரோட்டோரம் மாட்டுக்கயிறும் சலங்கையும் விற்கிற கடை அவருடையது. நல்லது கெட்டது நாலும் அங்கேதான் பேசப்படும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “திம்மராயா, சின்ன பூட்டுக்குச் சாவி பெரிய ஆபீசுல இருக்கும். டைரக்டருக்கு ஒரு மனு போடு. மாடு நல்லா இருக்குதுன்னு அழுவாத. முன்கூட்டியே நல்லாயிடுச்சு, விசாரிக்கணும்னு எழுது. நல்லது நடந்துச்சுன்னா ஒருத்தனும் வரமாட்டான். தப்பு நடந்துச்சுன்னா ஓடி வருவான்” என்றார்.

அவர் சொன்னபடியே மூன்று பிரதிகளில் மனு போயிற்று. ஐந்தாம் நாள் பதில் வந்தது. திட்டத்துக்கு முன்பே ஒரு பிராணி குணமானதாகக் கூறப்படும் சம்பவம் மிகவும் பாரதூரமானது. டைரக்டர் ஆடி ஆறாம் தேதி நேரில் வந்து விசாரணை செய்வார்.

பஷீர் அஹமது படித்துச் சொன்ன அந்தக் கடிதத்தைத் திம்மராயன் சந்தோஷமாக மங்கம்மாவிடம் காட்டி விஷயத்தைச் சொன்னான். அவள் அடுப்பை விட்டு எழுந்து நின்றாள்.

“டைரக்டரு வராருன்னா தொட்டிக்குச் சாயம் பூசுவாங்களே.”

அவன் அதை நினைக்கவில்லை. அன்றைக்கு ஆடி நான்கு.

பஷீர் அஹமது கடையில் ஆறு வாய்க்கூடு எடுத்துக்கொண்டார்கள். களத்தில் கதிர் மிதிக்கப் பிணையல் ஓட்டும்போது மாடு கதிரைத் தின்னாமல் இருக்க வாயில் கட்டுகிற கயிற்றுக் கூடு அது. விடிவதற்குள் கிளம்பி, பாதி தூரம் லாரியிலும் மீதி நடையுமாக புருஷனும் பெண்சாதியும் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாராயணம்மா அப்பியிருந்த சாணியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பெயிண்டர் இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். இது டைரக்டர் மட்டத்து வருகையாதலால் மூன்று பூச்சு என்றும், தொட்டிக்குப் பக்கத்தில் சாணியைக் கண்டால் தன் சீட்டு கிழிந்துவிடும் என்றும் சொன்னார். நாராயணம்மா சுவரோரம் குந்தி, வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். செவலை பச்சைத் தொட்டியை நோக்கி மூக்கை நீட்டி, நாக்கால் மூக்கை ஒரு தடவை துடைத்துக்கொண்டது.

மங்கம்மா நேராகப் போய் அதன் வாயில் கூட்டைக் கட்டினாள். பிறகு மற்ற ஐந்துக்கும் கட்டினாள். வேளைக்கு ஒரு தரம் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குப் பின்பக்கம் ஓட்டிப்போய், கூட்டை அவிழ்த்து, முறத்தில் வைத்துத் தீனி ஊட்டி, திரும்பவும் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்று முழுவதும் இப்படியே நடந்தது. ராஜப்பன் வந்து பார்த்துவிட்டு, தொட்டியில் ஒரு எச்சில் கறைகூட இல்லை என்று மெச்சிப் பெயிண்டர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஆடி ஆறாம் தேதி டைரக்டர் வந்தார். மாடுகளின் வாயில் என்ன என்பது அவருடைய முதல் கேள்வி. ராஜப்பனுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் கிடையாது.

“வாய்வழி நச்சுத் தடுப்புச் சாதனம், சார்.”

டைரக்டர் அதைத் தொட்டுப் பார்த்து, கிராமியப் பொருள்களைக் கொண்டு நிலையம் சொந்தமாகக் கண்டுபிடித்த இந்தச் சாதனத்தைத் தேசத்தின் எல்லா நிலையங்களுக்கும் சிபாரிசு செய்வதாகச் சொல்லி, படம் வரைந்துகொள்ளும்படி உத்தரவிட்டார். பிறகு தயாராக இருந்த மேடையில் ஏறினார். கேட்டவர்கள் எட்டுப் பேரும் ஆறு மாடுகளும்.

“இந்த நிலையம் ஏற்பட்டுப் பதினாறு மாதங்களில் நாம் ஒரு மாட்டைக்கூடக் குணப்படுத்தவில்லை என்று சில விஷமிகள் பேசுகிறார்கள். அவர்களுக்கு நான் பகிரங்கமாகச் சொல்வேன். அவசரப்பட்டுக் குணப்படுத்துவது நம் சம்பிரதாயம் அல்ல. நோய் என்பது ஒரு தேசியச் செல்வம். அதை முறையாக ஆராய்வதற்கு முன் ஒழித்துவிட்டால் பிற்பாடு ஆராய்ச்சிக்கு எங்கே போவது?”

குமாஸ்தாக்கள் கை தட்டினார்கள். அதன்பிறகு விசாரணை. செவலையை முற்றத்தில் சிமிட்டித் தரையில் நிறுத்தினார்கள். மூளை சரியாக இருந்தால் பிராணி கட்டளைக்குக் கீழ்ப்படியும் என்று டைரக்டர் விளக்கிவிட்டு, தாமே முன்னால் போய்த் தெளிவான தமிழில், “முன்னே வா” என்றார். செவலை அசை போட்டது. “வலப்புறம் திரும்பு” என்றார். அசை போட்டது. அதையே இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தார். செவலை வாலால் ஒரு ஈயை ஓட்டியது.

மூளை கெட்டுத்தான் இருக்கிறது, திட்டத்துக்கு ஆபத்தில்லை என்றார் டைரக்டர். ராஜப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாலையை எடுத்து வா என்று சைகை காட்டினார்.

திம்மராயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். “சாமி, அதுக்குக் கன்னடந்தானுங்க தெரியும்” என்று சொல்லிவிட்டு, செவலையைப் பார்த்து மெதுவாக, “பா மகனே, பா” என்றான். செவலை நடந்து வந்தது. “நிந்துக்கோ” என்றான். நின்றது.

மாலை பாதி வழியில் நின்றுவிட்டது. டைரக்டர் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ‘ஊமை’ என்று இருந்தது. ஊமை என்று பதிவான பிராணிக்கு ஒரு மொழி தெரிவது எப்படி என்று அவர் கேட்டார். குமாஸ்தா தூணுக்குப் பின்னால் போய்விட்டார். மாட்டின் தாய்மொழி விஷயம் தன் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்றும், டில்லிக்கு எழுதிப் பதில் வரும்வரை விசாரணையை ஒத்திவைப்பதாகவும் டைரக்டர் சொன்னார். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று திம்மராயன் கேட்டான். டைரக்டர் அந்தக் கேள்வியின் கள்ளமின்மையை ரசித்துச் சிரித்தார்.

அதுவரை கொட்டகை ஓரத்தில் நின்றிருந்த மங்கம்மா முன்னால் வந்தாள்.

“ஏன் சாமி, ஏர் மாட்டுக்கு மூளை இருக்குதா இல்லையான்னு ஏர்ல பூட்டிப் பாக்கறதுதானே? இந்தச் சிமிட்டித் தரையில நிக்க வெச்சா யாருக்குத்தான் மூளை இருக்கறது தெரியும். உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.”

ராஜப்பன் அவளை அதட்ட வாயைத் திறந்தார். டைரக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கண் மேலே நிலைகுத்தி இருந்தது. கள ஆய்வு என்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். திட்டத்தில் கள ஆய்வு என்று ஒரு பிரிவே இல்லை. அப்படி ஒரு பிரிவைத் தொடங்கினால் அதற்கு ஒரு துணை டைரக்டர், ஒரு ஜீப், ஒரு கூடாரம் வேண்டியிருக்கும். உள்ளே போய் மூன்று பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிராணி வழக்கமாக வேலை செய்யும் நிலத்திலேயே, வழக்கமான ஜோடியுடன், வழக்கமான வேலையை அதற்குக் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நிலம் முழுவதும் உழுது முடிக்கும்வரை பரிசோதனையை நிறுத்தக் கூடாது. இடையில் நிறுத்தினால் முடிவு பூரணமாகாது. கண்காணிப்பாளர் பிராணிக்குப் பின்னால் மூன்று அடிக்கு மிகாத தூரத்தில் இருந்து கவனிக்க வேண்டும்.

ஆடி பத்தாம் தேதி ராத்திரி நல்ல மழை. பதினொன்றாம் தேதி நிலம் ஆறட்டும் என்று விட்டார்கள். பன்னிரண்டாம் தேதி காலை செவலை சர்க்கார் லாரியில் ஏறித் தன் ஊருக்கு வந்தது. கூடவே ஜீப், கூடாரம், நாலு நாற்காலி, அளக்கிற நாடா, இரண்டு குமாஸ்தாக்கள், ராஜப்பன். குருபரப்பள்ளியில் பாதி ஜனம் வரப்பின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பஷீர் அஹமது நாற்காலி ஒன்று காலியாக இருப்பதைப் பார்த்து, அதிகாரிகளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று அதில் தாம் உட்கார்ந்துகொண்டார்.

திம்மராயன் மயிலையையும் செவலையையும் பூட்டினான். நுகம் கழுத்தில் விழுந்ததும் இரண்டும் ஒன்றை ஒன்று முகர்ந்து பார்த்தன. அவன் செவலைக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை, மயிலைக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னான். உழுசால் நூல் பிடித்தமாதிரி ஓடியது.

ராஜப்பன் ஜோட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று அடி தூரத்தில் பின்னாலேயே நடந்தார். நாலு சுற்று ஆனபிறகு மங்கம்மா வந்து ஜோட்டை வாங்கி வரப்பில் வைத்தாள். அவர் தோளில் அவரைக்கொட்டை விதைப் பை ஒன்றை மாட்டினாள். இந்தப் பக்கங்களில் ராகி வயலுக்குள் இத்தனை சாலுக்கு ஒரு சால் என்று அவரை போடுவது வழக்கம். அதற்கு ஏருக்குப் பின்னால் ஒருவர் விதையைப் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

“எப்படியும் பின்னாடியே நடக்கறீங்க சாமி. சும்மா நடப்பானேன்? ஜாணுக்கு ஒண்ணு போடுங்க, போதும்.”

உத்தரவில் இதற்குத் தடை ஏதும் இருப்பதாக ராஜப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. போட ஆரம்பித்தார். கவனிக்க வேண்டிய அம்சம் எதையாவது கண்டால் நின்று, விதை பிடித்த கையாலேயே பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்வார். ஏழெட்டு விதை அந்த இடத்தில் ஒன்றாக விழும். பிறகு ஏர் முன்னால் போய்விட்டதைப் பார்த்து ஓடுவார். ஓடும்போது ஒன்றும் விழாது. மத்தியானம் மங்கம்மா களியும் கீரைக் குழம்பும் போட்டாள். மூன்று உருண்டை சாப்பிட்டார். சாயங்காலம் ஒரு குமாஸ்தா, பாதி நிலம் போதாதா என்று கேட்டதற்கு, முடிவு பூரணமாகாது என்று அதட்டினார்.

பதின்மூன்றாம் தேதி பொழுது சாய்வதற்குள் இரண்டு ஏக்கரும் உழுது, ராகி இறைத்து, அவரைச் சாலும் முடிந்தது. திம்மராயன் ஏரை அவிழ்த்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். இனிமேல் செவலையைக் கொண்டுபோனாலும் இந்த வருஷம் வயிற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் அதை லாரியில் ஏற்ற வந்தபோது அவன் தலைக்கயிற்றை விடவில்லை. முளைப்பு எப்படி இருக்கிறது என்று பாராமல் பரிசோதனை முடிந்ததாகச் சொல்ல முடியுமா என்று பஷீர் அஹமது நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். ராஜப்பன் யோசித்தார். முடியாது என்றார். செவலை அன்று ராத்திரி தன் கொட்டகையிலேயே படுத்தது.

எட்டு நாள் கழித்து நாடாவும் பேரேடுமாக ராஜப்பன் வந்தார். ராகி பாய் விரித்தமாதிரி முளைத்திருந்தது. சால்களை அளந்தார், ஒன்றிலும் கோணல் இல்லை. பிறகு அவரைச் சாலுக்கு வந்தார். ஒரு இடத்தில் ஏழெட்டு முளை ஒரு கொத்தாக இருந்தது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஒன்றும் இல்லை. மறுபடியும் ஒரு கொத்து. அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. குமாஸ்தாவைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார்.

“உழவில் குறை காணப்படவில்லை. ஆனால் விதைப்பில் மூளைக் கோளாற்றின் அறிகுறிகள் ஐயத்துக்கு இடமின்றித் தென்படுகின்றன. கவனம் ஒரே இடத்தில் தேங்கி நிற்கிறது. பிறகு காரணமின்றித் தாவுகிறது. நோய் முற்றிலும் நீங்கியதாகக் கொள்ள இடமில்லை. ஆகவே ஐம்பத்தொன்பது அக்டோபர் வரை, பருவந்தோறும், இதே நிலத்தில், இதே ஜோடியை இதே கொட்டகையில் வைத்துத் தொடர்ந்து கவனித்து வர வேண்டும்.”

திம்மராயன் மங்கம்மாவைப் பார்த்தான். விதை போட்டது யார் என்பதைச் சொல்லிவிடட்டுமா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

குமாஸ்தா தாளை நீட்டினார். கள ஆய்வுக்குப் புதிதாக அச்சான படிவம் அது. கடைசியில் மூன்று வரி இருந்தது. உழுதவர் என்ற இடத்தில் திம்மராயன் பெருவிரலை ஒற்றினான். விதைத்தவர் என்ற இடத்தை ராஜப்பன் ஒரு கணம் பார்த்தார். எந்தத் தாளிலும் உண்மைக்கு மாறாக ஒரு எழுத்தும் போட்டவர் அல்ல அவர். அங்கே தம் பெயரை முழுதாக எழுதி, பதவியைக் குறிப்பிட்டு, நிலையத்து முத்திரையும் வைத்தார். பார்வையிட்டவர் என்ற இடத்திலும் அப்படியே செய்தார். மை காயும்வரை ஊதிவிட்டு, திருப்தியாக ஜீப்பில் ஏறிப் போனார்.

மேற்கே மறுபடியும் மேகம் கட்டியிருந்தது. மங்கம்மா மடியில் நாலு பிடி அவரையைக் கட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கி, இடைவெளி விழுந்த இடமெல்லாம் கட்டைவிரலால் குழி அழுத்தி ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே போனாள்.